38 வெற்றி, 1 தோல்வி: கென்டக்கியின் 2014–15 சீசன் சாதனையா, தவறவிட்ட வாய்ப்பா?

கூடைமரம் எழுதியது:

கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆடவர் கூடைப்பந்து அணி 2014–15 சீசனில் 39 ஆட்டங்கள் ஆடி 38-இல் வென்றது. தோற்ற ஒரே ஆட்டம், 2015 ஏப்ரல் 4 அன்று இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் அரங்கில் நடந்த, கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் கட்டத்தின் அரையிறுதி. அதில் விஸ்கான்சின் 71–64 என்று வென்றது. அன்று முதல் இந்த அணியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை" என்ற ஒரே வரியோடு பலரும் முடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை நெடுங்காலமாகப் பார்த்துவருகிறவன் என்ற முறையில், இந்த மதிப்பீடு அநியாயமானது என்று உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம். நவம்பர் 18 அன்று கான்சஸ் அணியை 72–40 என்று வென்றார்கள். கான்சஸ் என்பது ஏதோ ஊர்பேர் தெரியாத அணி அல்ல. ஆண்டுதோறும் பட்டத்துக்கு ஆடுகிற அணி. அந்த அணி 56 முறை எறிந்து 11 முறை மட்டுமே பந்தைக் கூடைக்குள் போட முடிந்தது. அடுத்த மாதம் சிகாகோவில் யூசிஎல்ஏ அணிக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமை. ஆட்டம் 24–0 என்று தொடங்கியது. முதல் பாதி முடிவில் 41–7. அந்தப் பாதியில் யூசிஎல்ஏ எறிந்த 37 எறிதல்களில் விழுந்தவை மூன்று. இறுதிக் கணக்கு 83–44. அதே யூசிஎல்ஏ அணிதான் நாட்டின் கல்லூரிப் பட்டத்துக்கான மார்ச் மாத என்சிஏஏ தொடரில் கடைசிப் பதினாறு அணிகளுள் ஒன்றாக நின்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டெக்சாஸ், வட கரோலினா, லூயிவில் ஆகிய அணிகளையும் டிசம்பர் மாதத்துக்குள்ளேயே வென்றார்கள். பின்னர் தங்கள் கல்லூரிக் குழுவான எஸ்இசி மாநாட்டின் 18 ஆட்டங்களிலும் தோல்வி இல்லை. மாநாட்டுத் தொடரின் இறுதியில் ஆர்கன்சாவை 78–63 என்று வீழ்த்தினார்கள். என்சிஏஏ தொடரில் மேற்கு வர்ஜீனியாவை 78–39 என்று, சரியாக இரட்டிப்புப் புள்ளிகள் எடுத்து, வெளியேற்றினார்கள். இத்தனைக்குப் பிறகு, நாற்பது நிமிடம் நடந்த ஓர் ஆட்டத்தை வைத்து ஐந்து மாத உழைப்பைத் தோல்வி என்று எழுதுவது எந்த அளவுகோல்? இந்தத் தலைமுறையில் நாம் கண்ட மிகச் சிறந்த தடுப்பாட்ட அணி இது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெற்றிக்கோடு எழுதியது:

நண்பர் கூடைமரம் அடுக்கிய எண்களில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்களே இந்தச் சீசனைத் தவறவிட்ட வாய்ப்பு என்று சொல்ல வைக்கின்றன.

இந்த அணியின் சட்டையை அணிந்தவர்கள் யார் என்று பாருங்கள். பள்ளிப் பருவத்திலேயே நாட்டின் சிறந்தவர்கள் என்று மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் பட்டியலில் இடம்பெற்ற ஒன்பது பேர் ஒரே அணியில் இருந்தார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத வில்லி காலி-ஸ்டைன்தான் அந்த ஆண்டின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரராக விளங்கினார். தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2015 ஜூன் மாத என்பிஏ டிராஃப்டில் இந்த அணியிலிருந்து ஆறு பேர் தேர்வானார்கள். கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் முதலிடம், காலி-ஸ்டைன் ஆறாமிடம், ட்ரே லைல்ஸ் பன்னிரண்டு, டெவின் புக்கர் பதின்மூன்று. இரண்டாம் சுற்றில் ஆண்ட்ரூ ஹாரிசனும் டகாரி ஜான்சனும். இவ்வளவு திறமையை ஒரே இடத்தில் குவித்த ஓர் அணி, பட்டம் வெல்லாமல் திரும்பினால் அதை என்னவென்று சொல்வது?

கென்டக்கியின் அளவுகோலை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் லெக்சிங்டன் நகரில் பட்டம்தான் அளவுகோல். ஜான் காலிபாரி பயிற்சியாளராக வந்ததும், ஒவ்வோர் ஆண்டும் நாட்டின் சிறந்த இளைஞர்களைத் திரட்டியதும் அதற்காகத்தான். 2012-இல் ஆன்டனி டேவிஸ் தலைமையேற்ற கென்டக்கி அணியும் 38 ஆட்டங்களில் வென்றது, இரண்டில் தோற்றது, ஆனால் இறுதியில் கான்சஸை 67–59 என்று வென்று பட்டத்தை எடுத்தது. இந்த இரண்டு அணிகளையும் அருகருகே வைத்தால், ஒரு தோல்வி கூடுதலாக இருந்தும் 2012-ஐத்தான் கென்டக்கி ரசிகர் எவரும் தேர்ந்தெடுப்பார்.

எஸ்இசி மாநாட்டின் 18 வெற்றிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு என்சிஏஏ தொடருக்குச் சென்ற ஐந்து எஸ்இசி அணிகளில், கென்டக்கியைத் தவிர ஒன்றுகூடக் கடைசிப் பதினாறுக்கு வரவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை அவர்களை உண்மையில் சோதித்துப் பார்க்கும் அணி மாநாட்டில் இல்லை. சோதனை வந்தபோது, அதாவது விஸ்கான்சினுக்கு எதிரான கடைசி ஏழு நிமிடங்களில், 60–56 என்று முன்னிலையில் இருந்த அணி ஐந்து நிமிடங்களுக்கும் மேலாக ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அடுத்தடுத்து மூன்று முறை, எறிதலே இல்லாமல், எறிவதற்கான நேரத்தை எண்ணும் ஷாட் கிளாக் ஓடி முடிந்தது. தரமான எதிரணியின் முன் கடைசி நிமிடங்களில் எப்படிப் புள்ளி எடுப்பது என்பதற்கு இந்த அணியிடம் தெளிவான திட்டம் இருக்கவில்லை. மாதக்கணக்கில் அது தேவைப்படாமலே போனதால் யாரும் கவனிக்கவில்லை.

தடுப்பரண் எழுதியது:

நான் பள்ளி மாணவர்களுக்குக் கூடைப்பந்து கற்பிக்கிறேன். இந்த அணியைப் பற்றிய பேச்சில் எல்லாரும் வெற்றித் தோல்விக் கணக்கிலேயே நின்றுவிடுவதால், ஒரு பயிற்சியாளராக எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2014 ஆகஸ்டில் இந்த அணி பஹாமாஸ் தீவுகளுக்குச் சென்று ஆறு ஆட்டங்கள் ஆடியது. ஐந்து ஐந்து பேராக இரண்டு முழு அணிகளாய்ப் பிரிந்து, நேரத்தைச் சமமாகப் பகிர்ந்து ஆடும் பிளாட்டூன் முறையைக் காலிபாரி அங்கேதான் சோதித்தார். சீசன் தொடங்கியபோது முதல் ஐவரில் ஆண்ட்ரூ, ஆரன் என்ற ஹாரிசன் இரட்டையர்கள், அலெக்ஸ் பாய்த்ரஸ், டவுன்ஸ், காலி-ஸ்டைன் ஆகியோர் இருந்தார்கள். சில நிமிடங்கள் கழித்து அவர்கள் மொத்தமாக வெளியேற, டைலர் யூலிஸ், புக்கர், லைல்ஸ், மார்கஸ் லீ, ஜான்சன் ஆகிய ஐவர் உள்ளே வருவார்கள். களைத்துப்போன எதிரணியின் முன்னால், மூச்சு வாங்காத ஐந்து பேர் புதிதாக வந்து நிற்பதை எண்ணிப் பாருங்கள். கான்சஸும் யூசிஎல்ஏவும் சிதறியதற்கு உயரம் மட்டும் காரணம் அல்ல. ஏழடி உயரம் உள்ள ஒருவர் முப்பத்தைந்து நிமிடம் ஓடினால் கடைசிப் பத்து நிமிடம் கைகளை உயர்த்தக்கூடத் தயங்குவார். இங்கே அந்தத் தயக்கத்துக்கு இடமே வைக்கப்படவில்லை. அதனால்தான் ஒவ்வோர் எறிதலின் முன்னும் ஒரு கை இருந்தது.

டிசம்பரில் பாய்த்ரஸுக்குப் பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்து அவருடைய சீசன் முடிந்துவிட்டது. அதன்பின் இரண்டு முழு ஐவர் என்ற அமைப்பு நெகிழ்ந்து, ஒன்பது பேர் மாறி மாறி ஆடும் முறையாக ஆனது. ஆனாலும் அதன் அடிப்படை மாறவில்லை. ஒருவரும் சராசரியாக முப்பது நிமிடம்கூட ஆடவில்லை. அணியில் அதிகப் புள்ளிகள் எடுத்த ஆரன் ஹாரிசனின் சராசரியே 11 புள்ளிதான். டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான டவுன்ஸ், ஆட்டத்துக்குச் சுமார் 21 நிமிடம்தான் களத்தில் நின்றார். பின்னாளில் என்பிஏவில் ஒரே ஆட்டத்தில் 70 புள்ளிகள் எடுத்த புக்கர், கென்டக்கியில் மாற்று வீரராகவே ஆடினார். முதல் ஐவரில் இடம் கேட்டு முகம் சுளித்ததாக நான் எங்கும் கண்டதில்லை.

பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்களிடம் இதைப் பெறுவது எவ்வளவு கடினம் என்று பயிற்சி அளித்தவர்களுக்குத் தெரியும். தன் புள்ளிக் கணக்கைப் பார்த்துத்தான் தன்னைக் கோடிக்கணக்கில் விலைக்கு எடுப்பார்கள் என்று நம்புகிற வயது அது. என்னிடம் வரும் பிள்ளைகளே, பத்து நிமிடம் உட்காரவைத்தால் அப்பாவை அழைத்து வருகிறார்கள்! அந்த வயதில், தங்கள் எதிர்காலமே பணயமாக இருந்தபோது, ஒன்பது பேர் பாதி நேரம் அமர்ந்திருக்க ஒப்புக்கொண்டு, களத்தில் இருந்த நேரத்தில் தடுப்பாட்டத்துக்கு முழு உடலையும் கொடுத்தார்கள். திறமையைக் குவித்துவிட்டால் வெற்றி தானாக வரும் என்பது போல வெற்றிக்கோடு எழுதியிருக்கிறார். அப்படியானால் 2013-இல் இதே பயிற்சியாளரின், நாடு போற்றிய இளைஞர்கள் நிரம்பிய அணி என்சிஏஏ தொடருக்கே தகுதி பெறாமல் போனது ஏன்?

வெற்றிக்கோடு எழுதியது:

சகோதரி தடுப்பரண் எழுதியதைக் கவனமாகப் படித்தேன். பிளாட்டூன் முறை ஜனவரி மாதம் வரை அருமையாக வேலை செய்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நெருக்கடியான நேரத்தில் பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்பது, நிமிடங்களைச் சமமாகப் பகிரும் அணியில் எளிதில் தீர்மானமாகாது. விஸ்கான்சின் ஆட்டத்தில் டவுன்ஸ் 16 புள்ளிகள் எடுத்து, கூடைக்கு அருகே எவராலும் தடுக்க முடியாதவராக இருந்தார். கடைசி ஆறு நிமிடங்களில் பந்து பெரும்பாலும் வெளியே நின்று ஆட்டத்தை நடத்தும் கார்டுகளின் கையிலேயே சுற்றியது; அவர் கைக்கு உரிய இடத்தில் வரவில்லை. நேரத்தைக் கரைத்து முன்னிலையைக் காப்பாற்றலாம் என்று எண்ணி வேகத்தைக் குறைத்தது பயிற்சியாளரின் முடிவு. ஒருவரை மையமாகக் கொண்டு ஆடிப் பழகிய அணி அந்த நேரத்தில் தயங்கியிருக்காது.

மேடிசன்வாசி எழுதியது:

நான் பத்தாண்டுகளுக்கு மேலாக விஸ்கான்சின் மாநிலத்தில் வசிப்பவன். இந்த விவாதத்தில் இருதரப்பும் கென்டக்கி எப்படித் தோற்றது என்று மட்டுமே பேசுகின்றன. அன்று எதிரில் ஆடியது யார் என்று யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அந்த ஆண்டு கென்டக்கி நாட்டின் சிறந்த தடுப்பாட்ட அணி என்றால், விஸ்கான்சின் நாட்டின் சிறந்த தாக்குதல் அணி. கென் பொமராயின் புள்ளிவிவரத் தரவரிசை இரண்டையும் அப்படியே காட்டுகிறது. பயிற்சியாளர் போ ரயனின் அணி மெதுவாக ஆடும்; ஆனால் பந்தை வீணாக்காது. அதன் நடுநாயகமான ஃபிராங்க் கமின்ஸ்கி அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதுகளை வென்றவர். அவர் கல்லூரியில் நுழைந்த முதல் ஆண்டில் ஆட்டத்துக்கு இரண்டு புள்ளிகூட எடுக்காதவர். இரண்டாம் ஆண்டிலும் பெரும்பாலும் மாற்று வீரர். நான்காவது ஆண்டில் ஏழடி உயரத்தோடு வெளியே நின்று மூன்று புள்ளி எறிதலும் போடுவார், உள்ளே முதுகைக் காட்டியும் ஆடுவார். காலி-ஸ்டைனைப் போன்ற ஒரு தடுப்பாட்டக்காரரைக் கூடையின் அருகிலிருந்து வெளியே இழுத்துவர இப்படி ஒருவர் தேவை. அன்று அவர் 20 புள்ளிகளும், தவறிய எறிதல்களிலிருந்து பந்தைப் பிடித்த 11 ரீபவுண்டுகளும் எடுத்தார். நாட்டிலேயே உயரமான அணிகளுள் ஒன்றை எதிர்த்து, ரீபவுண்டு கணக்கில் விஸ்கான்சின் 34–22 என்று முன்னிலை பெற்றது. இது தற்செயலாக நடப்பதல்ல.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஓராண்டுக்கு முன், 2014 ஃபைனல் ஃபோரில், இதே இரண்டு அணிகளும் மோதின. கடைசி 5.7 விநாடி இருந்தபோது ஆரன் ஹாரிசன் போட்ட மூன்று புள்ளி எறிதலால் கென்டக்கி 74–73 என்று வென்றது. அந்த ஒரு புள்ளித் தோல்வியைச் சுமந்துகொண்டு கமின்ஸ்கி, சாம் டெக்கர், ஜாஷ் காசர், நைஜல் ஹேய்ஸ் எல்லாரும் ஓராண்டு சேர்ந்து உழைத்தார்கள். முதல் பாதி 36–36, இரண்டாம் பாதியில் விஸ்கான்சின் 52–44 என்று முந்தியது, கென்டக்கி அதைத் துடைத்து 60–56 என்று மேலேறியது, பின்னர் 60–60. அந்தச் சமநிலையை உடைத்தது, பின்னால் அடியெடுத்து வைத்து டெக்கர் போட்ட மூன்று புள்ளி எறிதல். கென்டக்கியிடம் திட்டம் இல்லாததால்தான் ஷாட் கிளாக் ஓடி முடிந்தது என்கிறார் வெற்றிக்கோடு. அந்த ஆறு நிமிடங்களை மறுபடி பாருங்கள். டவுன்ஸுக்குப் பந்து போகும் வழியை விஸ்கான்சின் வீரர்கள் முன்கூட்டியே அடைத்து நின்றார்கள். தடுப்பாட்டத்துக்குப் பெயர் பெற்ற அணி, தடுப்பாட்டத்தால் தோற்றது.

பழங்கணக்கு எழுதியது:

வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் விவாதம் சற்றுத் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

ஒரு தோல்வியும் இன்றிப் பட்டம் வென்ற கடைசி ஆடவர் அணி, பாப் நைட் பயிற்றுவித்த 1975–76 இண்டியானா. 32 வெற்றி, தோல்வி இல்லை. அதன்பின் பல அணிகள் அந்த வாசல் வரை வந்து திரும்பியிருக்கின்றன. லேரி பேர்ட் ஆடிய இண்டியானா ஸ்டேட் 1979-இல் 33–0 என்று இறுதிக்கு வந்து, மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 75–64 என்று தோற்றது. 1991-இல் யூஎன்எல்வி 34–0 என்று ஃபைனல் ஃபோருக்கு வந்து, முந்தைய ஆண்டு இறுதியில் 103–73 என்று தான் நசுக்கிய ட்யூக்கிடமே 79–77 என்று தோற்றது. அதுவும் இண்டியானாபொலிஸ் நகரில்தான். 2014-இல் விச்சிட்டா ஸ்டேட் 35–0 என்று வந்து கென்டக்கியிடம் 78–76 என்று வீழ்ந்தது. 2021-இல் கொன்ஸாகா 31–0 என்று இறுதிக்கு வந்து, மறுபடியும் இண்டியானாபொலிஸில், பேலரிடம் 86–70 என்று தோற்றது.

யூஎன்எல்வியைக் கவனியுங்கள். ஓராண்டுக்கு முன் வென்ற அதே அணியிடம், ஃபைனல் ஃபோர் அரையிறுதியில், தோல்வி அறியாத நிலையில் தோற்றது. கென்டக்கிக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட அதுவே. 1991-இல் ட்யூக்கின் பாயின்ட் கார்டாக ஆடிய பாபி ஹர்லி, 2014 நவம்பரில் பஃபலோ அணியின் பயிற்சியாளராக இந்தக் கென்டக்கியை எதிர்த்து நின்றார். முதல் பாதியில் 38–33 என்று முன்னிலையிலும் இருந்தார். இறுதியில் கென்டக்கி 71–52 என்று வென்றது.

என் கருத்துக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு 1974–75 இண்டியானா. 31 வெற்றி, 1 தோல்வி. சீசனின் பிற்பகுதியில் ஸ்காட் மேயின் கை முறிந்தது. காலிறுதிக் கட்டத்தில் 92–90 என்று தோற்றார்கள். தோற்கடித்தது கென்டக்கி! மறு ஆண்டு தோல்வியே இல்லாமல் பட்டம் வென்ற அணியைவிட இந்த அணியே வலிமையானது என்று சொல்பவர்கள் இன்றும் பலர். பட்டம் இல்லாமலும் ஓர் அணி பெரிதாக நினைவுகூரப்படலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வெற்றிக்கோடு எழுதியது:

பழங்கணக்கு ஐயா தந்த எடுத்துக்காட்டு எனக்கு எதிரானதாகத் தோன்றவில்லை. 1975 இண்டியானாவுக்குக் கை முறிந்த ஒரு முதன்மை வீரர் இருந்தார். 2015 கென்டக்கி ஏப்ரல் மாதத்தில் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பாய்த்ரஸ் காயமடைந்த பின், அவர் இல்லாமலே இருபத்தெட்டு ஆட்டங்களில் வென்றுவிட்டது. மேலும் அந்த இண்டியானா அணியின் முதன்மை வீரர்கள் மறு ஆண்டு திரும்பி வந்து கணக்கை நேர்செய்தார்கள். கென்டக்கியிலிருந்து தோல்விக்குப் பின் ஒரு வாரத்துக்குள் ஏழு பேர் டிராஃப்டுக்கு விண்ணப்பித்தார்கள். பத்தொன்பது வயதும் பள்ளி முடிந்து ஓராண்டும் ஆனால்தான் என்பிஏவுக்குப் போகலாம் என்ற விதி 2006 டிராஃப்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. காலிபாரி அந்த ஓராண்டைச் சுற்றித்தான் தன் அணிகளை அமைத்தார். அப்படி அமைத்த அணிக்கு "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்ப்பு கிடையாது. அதனால்தான் அந்த ஒரே ஆண்டில் பட்டம் எடுக்காததை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்.

கூடைமரம் எழுதியது:

மூன்று விஷயங்கள் கலந்து பேசப்படுகின்றன. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

நெருக்கடியில் ஆடத் தெரியாத அணி என்பது உண்மைக்குப் புறம்பானது. ஜனவரி 6 அன்று ஓல் மிஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 89–86 என்று வென்றார்கள். நான்கு நாள் கழித்து டெக்சாஸ் ஏ அண்ட் எம் களத்தில் இரண்டு கூடுதல் நேரம் ஆடி 70–64 என்று வென்றார்கள். பிப்ரவரியில் எல்எஸ்யூ களத்தில் 71–69. விஸ்கான்சினுக்கு ஒரு வாரத்துக்கு முன், கிளீவ்லாந்தில், நோட்ர் டேமிடம் பின்தங்கியிருந்து 68–66 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தில் டவுன்ஸ் 25 புள்ளிகள் எடுத்தார். ஆண்ட்ரூ ஹாரிசன் ஆறு விநாடி மீதமிருக்கையில் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார். கடைசிப் பன்னிரண்டு நிமிடங்களில் கென்டக்கி எறிந்த கள எறிதல் ஒன்றுகூடத் தவறவில்லை. யார் கைக்குப் பந்து போக வேண்டும் என்று அந்த அணிக்கு அன்று நன்றாகவே தெரிந்திருந்தது. இதைப் பார்த்த ஒருவர், பிளாட்டூன் முறை அவர்களைத் தயங்க வைத்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அனுபவமற்ற முதலாண்டு மாணவர்களின் அணி என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் பாதி உண்மையே. டவுன்ஸ், லைல்ஸ், புக்கர், யூலிஸ் ஆகிய நால்வர் மட்டுமே முதலாண்டு. ஹாரிசன் இரட்டையர்களும் ஜான்சனும் லீயும் 2014 இறுதி ஆட்டம் வரை சென்று கனெக்டிகட்டிடம் 60–54 என்று தோற்ற அணியில் ஆடியவர்கள். காலி-ஸ்டைன் மூன்றாம் ஆண்டு மாணவர். இன்னும் ஓராண்டு கல்லூரியில் இருந்து மேலும் வளரலாம் என்று கருதித் திரும்பி வந்தவர்கள் இவர்கள்.

மூன்றாவது, அந்த 60–60. அந்தச் சமநிலையைக் கொண்டுவந்த, ஹேய்ஸ் போட்ட கூடை, ஷாட் கிளாக் முடிந்தபின் கையை விட்டுப் போனது என்பதை மறு ஒளிபரப்பில் எல்லாரும் பார்த்தோம். கடைசி இரண்டு நிமிடங்களுக்கு முன் என்பதால், அன்றைய விதிப்படி நடுவர்கள் திரையில் சரிபார்க்க முடியவில்லை. அந்தக் கோடை காலத்திலேயே என்சிஏஏ அந்த விதியை மாற்றியது. அந்த இரண்டு புள்ளி கணக்கில் சேராமல் இருந்திருந்தால் டெக்கரின் எறிதல் முன்னிலையை ஒரு புள்ளிக்குத்தான் கொண்டுபோயிருக்கும்.

மேடிசன்வாசி எழுதியது:

அந்தக் கூடை செல்லாதது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதே இரண்டாம் பாதியில் லைல்ஸின் கை காசரின் முகத்தில் பட்டது. அதற்கு எந்த ஃபவுலும் தரப்படவில்லை. நடுவர் பிழைகளைக் கணக்கில் எடுத்தால் இரு பக்கமும் எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தாலும், நீக்கினாலும், ஐந்து நிமிடத்துக்கு மேல் கென்டக்கி புள்ளி எடுக்காததை எந்த நடுவரும் உண்டாக்கவில்லை.

தடுப்பரண் எழுதியது:

விதி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். அப்போது ஆடவர் கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கிளாக் 35 விநாடி. அடுத்த சீசன் முதல் 30 விநாடி ஆனது. முப்பத்தைந்து விநாடி முழுவதும் ஒவ்வோர் எதிரணியையும் ஓர் எறிதல்கூடக் கிடைக்காமல் அலைய வைத்ததுதான் அந்தக் கென்டக்கி அணி. விநாடி கூடக்கூடத் தடுப்பவர்களின் வேலையும் கூடும். அதையும் சேர்த்துத்தான் அந்தத் தடுப்பாட்டத்தை எடைபோட வேண்டும். தோல்விக்குப் பிறகும் சீசன் முடிவில் பொமராயின் தரவரிசையில் கென்டக்கியே முதலிடத்தில் இருந்தது. பட்டம் வென்ற ட்யூக்கும் அதற்குக் கீழேதான் இருந்தது.

வெற்றிக்கோடு எழுதியது:

நோட்ர் டேம் ஆட்டத்தைக் கூடைமரம் நினைவூட்டியது நல்லது. ஏனெனில் என் குறை இன்னும் குறிப்பாக மாறுகிறது. நோட்ர் டேமுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் வேகத்தைக் குறைக்கவில்லை. பின்தங்கியிருந்ததால் குறைக்க முடியவில்லை. பந்தை நேராக டவுன்ஸிடம் கொண்டுபோனார்கள். விஸ்கான்சினுக்கு எதிராக நான்கு புள்ளி முன்னிலை கிடைத்ததும், அதே வழியைக் கைவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து ஆடினார்கள். ஒரு வாரத்துக்கு முன் தங்களைக் காப்பாற்றிய ஆட்டத்தையே விட்டுவிட்டதுதான் என்னால் மன்னிக்க முடியாதது. அதை மேடிசன்வாசி நண்பர் சொல்லும் விஸ்கான்சினின் திறமையால் மட்டும் விளக்க முடியாது. அணியின் பெருமையை நான் குறைக்கவில்லை, தடுப்பாட்டத்தில் அவர்களுக்கு ஈடு இந்நாளில் நானும் கண்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு காலிபாரி கென்டக்கியில் ஒன்பது சீசன்கள் இருந்தார். 2017-இலும் 2019-இலும் காலிறுதிக் கட்டம் வரை வந்தார். ஃபைனல் ஃபோருக்கு மறுபடி ஒருமுறைகூட வரவில்லை. 2024-இல் ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். இத்தகைய ஓர் அணி மறுபடி அவர் கைக்கு வரவில்லை. அதனால்தான் அந்த ஆறு நிமிடங்களை ஒரு சாதாரணத் தோல்வியின் ஆறு நிமிடங்களாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கூடைமரம் எழுதியது:

முன்னிலை கிடைத்ததும் வேகத்தைக் குறைத்தது தவறான முடிவு என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. அது பயிற்சியாளரின் ஓர் ஆட்டத்து முடிவு. நான் மதிப்பிடச் சொல்வது, நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வோர் இரவும் தோல்வியே இல்லாத அணியை வீழ்த்தும் ஆசையோடு வந்த எதிரணிகளின் முன் இந்த இளைஞர்கள் 38 ஆட்டங்களில் ஆடியதை. அதற்கு முன் வேறெந்த ஆடவர் அணியும் 38–0 என்ற இடத்துக்கு வந்ததே இல்லை. விஸ்கான்சின் அந்த வெற்றிக்குப் பின் இரண்டே நாளில் ட்யூக்கிடம், இரண்டாம் பாதியில் ஒன்பது புள்ளி முன்னிலையில் இருந்தும், 68–63 என்று தோற்றது; அந்தச் சீசனை யாரும் தவறவிட்ட வாய்ப்பு என்று அழைப்பதில்லை, பெருமையோடுதான் பேசுகிறார்கள். 36 வெற்றி, 4 தோல்வி பெற்ற அணிக்குக் கொடுக்கும் அந்த மரியாதையைக் கென்டக்கிக்கும் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை.